மூன்றாவது கோடு

கொட்டியாரக் குடாவை லாஞ்சில் கடந்து பட்டணம் போனவர்கள் நாம். இன்றைய பிள்ளைகள் பாலங்களின் மேல் பஸ்ஸில் இருந்தபடியே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் குடாவின் நடுவில் லாஞ்சின் மூக்கு ஒருமுறை தாழ்ந்து நிமிரும்போது, வடக்கே கோணமலை அப்பொழுதுதான் நீரிலிருந்து எழுந்ததுபோலத் தோன்றுமே, அதை அவர்கள் அறியமாட்டார்கள். அந்த இடம் வந்ததும் பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கைகூப்புவார்கள். ஆண்கள் தலைத்துண்டை அவிழ்ப்பார்கள். மீன்கூடைகளுக்கும் டீசல் புகைக்கும் நடுவில் யாராவது ஒருவர் மெல்லிய குரலில் ஒரு பதிகத்தைத் தொடங்குவார். எங்கள் பயணங்களில் அந்த ஒருவர் என் அப்பா.

அப்பாவுக்குக் காணிக் கந்தோரில் வேலை. வீடு கட்டைபறிச்சானில். பண்ணோடு பாடப் பயின்றவர். மலைமேல் இருந்த பழைய ஆலயம் இடிபட்டுக் கடலுக்குள் போன கதையை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தோம் அல்லவா? அப்பா அதைக் கேட்டதோடு நிற்கவில்லை. கடலுக்குள் போனது கடலுக்குள்ளேயே இருந்துவிடாது, என்றோ ஒருநாள் நீரோட்டம் ஒரு தூணையாவது நம் கரைக்குக் கொண்டுவரும் என்று அவர் உறுதியாக நம்பினார். கடற்கரையில் நடக்கும்போது கறுத்த கல் எதைக் கண்டாலும் நின்று, குனிந்து, புரட்டிப் பார்ப்பார். அம்மா அதைக் கண்டு சிரிப்பா.

"வீட்டில அம்மி தேய்ஞ்சு போச்சு. உங்கட கண்ணில ஒரு நல்ல அம்மிக்கல்லாவது படாதோ?"

அப்பா கோபிக்கமாட்டார். "படும், படும்" என்பார்.

எனக்குப் பால்பற்கள் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த ஆண்டு அது. கச்சான் காற்று வீசும் காலம். நிலத்திலிருந்து புறப்படும் அந்தச் சுடுகாற்றில் வாசற்படி கூடக் காலைச் சுடும். கடலோ எண்ணெய் ஊற்றிவைத்ததுபோல அசையாமல் கிடக்கும். பாலைப்பழம் தின்று உதடுகள் ஒட்டிக்கொள்ள, மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு கரைவலை பார்க்கப் போயிருந்தேன். மாமா அம்மாவின் தமையன். சந்தியில் கடை வைத்திருந்தார். ஊரில் எந்தக் காரியம் என்றாலும் முன்னுக்கு நின்று, மற்றவர்களுக்கும் இடம் ஒதுக்கிக் கொடுப்பவர்.

அன்று வலை பாதி வழியில் சிக்கிக்கொண்டது. ஒருவர் சுழியோடிப் பார்த்துவிட்டு, வலை ஒரு கல்லில் மாட்டியிருப்பதாகச் சொன்னார். கயிறு கட்டி அதையும் சேர்த்தே இழுத்தார்கள். பாசியும் சிப்பியும் மூடிய கரிய கல் ஒன்று மணலில் வந்து உருண்டது. இரண்டு ஆட்கள் சேர்ந்து தூக்கவேண்டிய பாரம். நடுவில் ஒரு துளை. துளையின் விளிம்பிலிருந்து பக்கவாட்டில் இறங்கும் வழவழப்பான ஒரு பள்ளம். பாசியைச் சுரண்டியபோது ஒரு பக்கத்தில் குறுக்காக வெட்டிய மூன்று கோடுகள் தெரிந்தன.

மாமா யாரையோ அனுப்பி அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா வந்தவர் செருப்பைத் தூரத்தில் கழற்றிவிட்டு, ஈரமணலில் முழந்தாளிட்டு அந்தக் கோடுகளைத் தொட்டார். அவர் கண்கள் நிறைந்துவிட்டன. அப்படி நான் அவரை முன்பு கண்டதில்லை.

அவர் சொன்ன விளக்கம் அன்று பொழுதுபடுமுன் ஊர் முழுவதும் பரவிவிட்டது. இது ஆலயத்துக் கல்விளக்கின் பாதம். துளை, விளக்குத் தண்டு நின்ற இடம். பள்ளம், அபிஷேகம் செய்த எண்ணெய் வடிவதற்காகச் சிற்பி அமைத்த வாய். மூன்று கோடுகளும் திருநீற்றுக் குறி. அவற்றுள் மூன்றாவது கோடு மற்ற இரண்டையும்விட ஆழம் குறைந்திருந்தது. காலங்காலமாகக் கடல் கழுவியதால் தேய்ந்திருக்கிறது என்றார் அப்பா. கடல் ஏன் ஒரு கோட்டை மட்டும் தேர்ந்து தேய்த்தது என்று எவரும் கேட்கவில்லை. கேட்கும் மனநிலையில் எவரும் இருக்கவில்லை.

கடலேரியான களப்பின் ஓரத்து வேம்பின் கீழ் கல்லை வைத்தார்கள். மாமா நான்கு கம்பு நட்டு, தும்புக் கயிற்றால் ஒரு வேலி கட்டினார். குளித்து முழுகி வரும் அப்பாவையும், அறியாப் பிராயத்துச் சிறுமி என்பதால் கல்லைக் கழுவிப் பூ வைக்கும் என்னையும் தவிர எவரும் கயிற்றைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். மாலைதோறும் விளக்கேற்றி அப்பா பாடினார். சம்பூரிலிருந்தும் மூதூரிலிருந்தும் சனம் வந்தது. ஆவணியில் ஒரு நல்ல நாள் குறித்து, பீடம் கட்டி, துளையில் வேல் ஒன்றை நாட்டிச் சாந்து பூசி, முன்பக்கத்துக்குப் பித்தளைத் தகடு அடிப்பதென்று மாமா ஏற்பாடு செய்தார்.

அந்தக் கூட்டத்தில்தான் அவள் இருந்தாள்.

வெருகல் பக்கத்துக் கடலோரக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவள். பருவகாலத்தில் மீனவர் கரையில் கட்டும் மீன்வாடிக்குக் கருவாடு போடும் வேலைக்கு வந்திருந்தாள். எங்கள் ஊரவர் அவளை வெருகல்காரி என்றார்கள். இடுப்பில் எப்போதும் ஒரு கைக்குழந்தை. நெற்றியில் பொட்டு. சனத்தின் பின்னால், எல்லோருக்கும் கடைசியாக நிற்பாள். பூசை முடிந்து மற்றவர்கள் கலைந்த பிறகும் கயிற்றைப் பிடித்தபடி கல்லையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டினாள். மாமா தூரத்திலிருந்தே அதட்டினார்.

"ஏய், கையை எடு. அது உன்ர வாடிச் சாமானோ?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

அப்பா அதட்டுகிற மனிதர் அல்லர். அவர் செய்தது வேறு. அடுத்த வெள்ளிக்கிழமை பாட்டு முடிந்து பேசும்போது, "பக்தியை எங்கே தேடுகிறீர்கள்? கடற்கரையில் உழைத்துக் களைத்துவந்து, கண்ணிமைக்காமல் நிற்கிறாளே, அந்தத் தாயிடம் பாருங்கள்" என்று எல்லோர் முன்னிலையிலும் அவளைப் போற்றினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று அதையும் மெச்சினார்கள். அவளுக்கு வழிவிட்டுக் கயிற்றைத் தூக்க வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் எந்தக் குடியிற் பிறந்தவள் என்ற எண்ணமும் அந்தக் கயிற்றில் ஓர் இழையாக இருந்தது. இன்று அது தெரிகிறது.

மறுநாள் காலையில் நான் செம்பும் பூவுமாகப் போனபோது அவள் தனியே வேம்படியில் இருந்தாள்.

"பிள்ளை, நீங்கள் கல்லைத் தொடுவீங்கள் என்ன?"

"ஓம்."

"அப்ப ஒரு உதவி. அந்த மூண்டு கீறல் இருக்கல்லோ, கீழ்க்கீறலுக்குள்ள விரலை விட்டுப் பாருங்கோ. மற்றதுகள் மாதிரி நகம் புதையுதோ, இல்லாட்டி மேலால வழுக்குதோ?"

விரலை வைத்துப் பார்த்தேன். "வழுக்குது" என்றேன். "கடல் தேய்ச்சதாம்."

அவள் அப்படியே மணலில் இருந்துவிட்டாள். அழவில்லை. குழந்தையின் தலையைத் தடவினாள். பிறகு சொன்னாள்.

"கடல் தேய்க்கேல்லை, பிள்ளை. இது எங்கட தோணிக் கல்லு. நங்கூரத்துக்குக் கட்டுறது. பிள்ளைக்கு ஒரு கோடு எண்டு அவர் வெட்டுறவர். இவன் பிறந்த கையோட மூண்டாவதைத் தொடங்கினவர். காத்து நல்லாயிருக்குது, வந்து ஆழமா வெட்டுறன் எண்டு போனவர்."

போன மாரிக்கு முன் கடலுக்குப் போன அந்த மனிதர் திரும்பவில்லை. தோணியின் பலகை ஒன்றுகூடக் கரை சேரவில்லை. கடல் எடுத்த ஆளோடு போன சாமான் ஏதாவது ஒன்று திரும்பிவந்தால், அதற்கு எண்ணெய் வைத்து அழுது அவரை வழியனுப்புவது அவர்களுடைய வழக்கம். ஒன்றும் வராதவரையில் அழவும் ஏலாது, பொட்டை அழிக்கவும் ஏலாது. அவர் போனாரா, இருக்கிறாரா என்று சொல்ல எவருமில்லாமல் அவள் இரண்டுக்கும் நடுவில் நின்றிருந்தாள்.

"ஒருக்காக் கை வைச்சு எண்ணெய் விட வேணும். வேற ஒண்டும் வேண்டாம். அவையள் சாந்து பூசிப்போட்டால் பிறகு கல்லு அவையின்ர. ஆரிட்டக் கேக்கிறது எண்டுதான் தெரியேல்லை."

நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கேட்டு முடியும்வரை கத்தி அசையவில்லை. பிறகு கையைக் கழுவி, "கூட்டிக்கொண்டு வா" என்றா.

அன்று பிற்பகல், அப்பாவும் மாமாவும் முன் விறாந்தையில் பித்தளைத் தகட்டுக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தபோது, அம்மா வெருகல்காரியை முன்வாசலால் அழைத்துவந்து கதிரையில் இருக்கச் சொன்னா. அவள் இருக்கவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவின் கை அவள் தோளில் இருந்தது.

மாமாதான் முதலில் வாய் திறந்தார்.

"என்ன கதை இது, மச்சான்? ஊர் முழுக்க விழுந்து கும்பிட்டது ஒரு தோணிக் கல்லையோ? இவளுக்கு ஆரோ சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கினம்."

"ஆர் அண்ணை சொல்லிக் குடுக்கிறது?" என்றா அம்மா.

"கோடு எல்லாருக்கும் தெரியும். நாங்கள்தானே சொல்லித் திரிஞ்சம். வேற என்ன அடையாளம் இருக்குது?" என்றார் மாமா.

வெருகல்காரி அப்பாவைப் பார்த்தே பதில் சொன்னாள். "அடியில ஒரு மூலை உடைஞ்சிருக்கும், ஐயா. என்ர மூத்தவன் கோடாலிப் பிடங்கால அடிச்சது. அதுக்கு அவனுக்கு அடி விழுந்தது. பிறகு அவரே அழுதவர்."

கல்லை வைத்த நாள்முதல் அதன் அடி மணலுக்குள் இருந்தது. அதற்கு முன்பு பாசியோடு கிடந்தபோது அதை எவரும் கவனித்திருக்கவும் இல்லை.

"போய்ப் பிரட்டிப் பார்க்கலாம்தானே" என்றா அம்மா. "வலையில வந்த கல்லு. பிரட்டினால் சாமி கோவிச்சுக்கொண்டு திரும்பக் கடலுக்குள்ளயோ போயிடும்?"

அப்பா எழுந்தார். சால்வையை எடுத்துக்கொண்டு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். அவர் தனியே கல்லைச் சரித்தார். மாமா குனிந்து பார்த்தார், நானும் பார்த்தேன். மூலை உடைந்துதான் இருந்தது.

என் வயதொத்தவர்களே, நம்பிய ஒன்று கைநழுவும் வேளையில் ஒரு மனிதரின் முகம் எப்படி இருக்கும் என்பதை நீங்களும் எங்காவது கண்டிருப்பீர்கள். அப்பாவின் முகத்தில் நான் கண்டது கோபம் அன்று. வெட்கமும் அன்று. பாடிக்கொண்டிருக்கும்போது நடுவில் அடி மறந்துபோனவருக்கு இருக்கும் திகைப்பு. ஆயுள் முழுவதும் அந்தக் கரையில் எதிர்பார்த்து நடந்தவர் அவர். அவருக்கென்று வந்த ஒன்றும் அவருடையது அன்று என்று ஆகிவிட்டது.

மாமா மெல்லக் குரலைத் தாழ்த்தினார். "மச்சான், இதை இதோட விடுவம். தகட்டை அடிச்சுப்போட்டால் ஆருக்குத் தெரியப்போகுது? பிள்ளைக்கு ஏதாவது குடுத்து அனுப்புவம்."

அப்பா அவரைப் பார்க்கவில்லை. கயிற்றை அவிழ்க்க முயன்றார். மாமா போட்ட முடிச்சு இறுகிக் கிடந்தது. கம்பையே பிடுங்கி எறிந்தார்.

"வா, பிள்ளை" என்றார் அவளிடம். "உன்ர மனுசன்ர கல்லு. நான் அறியாமல் உன்னை வெளியில நிப்பாட்டிப் போட்டு, உன்ர பக்தியையும் புகழ்ந்தனான். கொண்டுபோறதெண்டால் வண்டில் பிடிச்சு நானே கொண்டுவந்து தாறன்."

அவள் வந்தாள். குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கல்லின் அருகில் இருந்து, முதலில் அந்தப் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்தாள். கயிறு ஓடி ஓடித் தேய்ந்த பள்ளம். அவர் கை பிடித்த கயிறு. பிறகு அம்மா கொடுத்த எண்ணெயை ஊற்றி, கோடுகளை ஒவ்வொன்றாகத் தடவி, மூன்றாவதில் விரல் நின்றபோது அழத் தொடங்கினாள். அவர்களுடைய பக்கத்து ஒப்பாரி எனக்குப் புதிது. கரைக்குக் கிட்டக் கல்லை விட்டீரே, கரை உமக்குத் தெரிந்ததோ, எங்களை நினைத்தீரோ என்று அது கேட்டுக்கொண்டே போனது. குடாவுக்குள் ஒதுங்கத்தான் வந்திருக்கிறார். விளக்குகள் தெரியும் தூரத்தில்தான் நங்கூரம் இட்டிருக்கிறார்.

பிறப்புக்கும் இறப்புக்கும் பெருமழைக்கும் என்று எந்த வேளைக்கும் ஒரு பதிகம் வைத்திருந்த அப்பா, அன்று பாடவில்லை. கைகட்டி நின்று, அந்த அழுகை தானாக ஓயும்வரை கேட்டார்.

அழுது முடிந்ததும் அவள் முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். எழுந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"கொண்டுபோகேல்லை, ஐயா. எங்கட வளவில இதுக்கு ஆர் விளக்கு வைக்கிறது? மாரிக்கு நாங்களே இடம் மாறுற ஆக்கள். இருண்ட தண்ணிக்குள்ள கிடந்தவர் இஞ்ச வெளிச்சத்தில இருக்கட்டும். சாந்து மட்டும் பூசிப்போடாதேங்கோ. நாங்கள் வந்தால் கை வைக்க வேணும்."

"பூச விடமாட்டன்" என்றார் அப்பா.

"எங்கயிருந்து இந்தக் கல்லை அவர் எடுத்தவர்?" என்று மாமா இன்னும் விடாமல் கேட்டார். அவருக்கும் ஒரு பற்றுக்கோடு வேண்டியிருந்தது.

"அது எனக்குத் தெரியாது. கோணமலைப் பக்கம் சுழியோடப் போன காலத்தில கொண்டுவந்தவர் எண்டு நினைவு. ஓட்டை போட்டது எங்கட முத்தத்தில."

அப்பாவின் தலை ஒருகணம் நிமிர்ந்தது. பிறகு தாழ்ந்தது. அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சனத்துக்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: பீடம் வேண்டாம், தகடு வேண்டாம், கயிறும் வேண்டாம். யாரும் வந்து தம் கையால் எண்ணெய் வைக்கலாம். காரணம் கேட்டவர்களுக்கு, "அப்படித்தான் உத்தரவு" என்றார். உத்தரவு யாருடையது என்று சொல்லவில்லை. அந்த மௌனம் அவளைக் காத்ததா, அவரைக் காத்ததா என்பது எனக்கு இன்றும் தெளிவில்லை. தம் தவற்றை அவளிடம் ஒப்புக்கொண்டவர், ஊரிடம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் தம் இறுதிக்காலம்வரை வெள்ளி தவறாமல் அங்கே பாடினார். யாருக்காகப் பாடுகிறீர்கள் என்று ஒருமுறை அம்மா கேட்டதற்கு, "கேக்கிறவருக்கு" என்றார்.

பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும். ஊர் இடம்பெயர்ந்தது, திரும்பியது, மறுபடி இடம்பெயர்ந்தது. எங்கள் வீடு போயிற்று. அப்பாவின் தாளமும் அம்மாவின் பித்தளைச் செம்பும் போயின. வேம்பின் ஒரு பாதி எரிந்து மறுபாதி தழைத்தது. கல் இருந்த இடத்திலேயே இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய பொருளாக எவருக்கும் அது படவில்லை.

நான் இப்போது பாலையூற்றில் மகளோடு இருக்கிறேன். சென்ற ஆண்டு ஆவணியில் அவள் என்னைக் காரில் அழைத்துப்போனாள். வேம்படியில் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். வெளியூர்ச் சனத்தை அழைத்துவந்த இளைஞன் ஒருவன் சிறு ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தான். கடலுள் மறைந்த ஆலயத்தின் விளக்குப் பாதமாம் இது. கப்பலில் போன மன்னன் மீளாததால் ராணி ஒருத்தி வெருகலிலிருந்து நடந்துவந்து இதைத் தொட்டு அழுதாளாம். ஆகையால்தான் இங்கே பெண்களும் கல்லைத் தொடலாமாம்.

வரிசையில் எனக்கு முன்னால் நரைத்த தாடியோடு ஒருவர் நின்றார். அவர் முறை வந்தது. மற்றவர்கள் கல்லின் தலையில் எண்ணெய் வைத்துக் கும்பிட்டுப் போனார்கள். அவர் குனிந்து, பார்க்காமலே, விரலைக் கீழ்க்கோட்டில் வைத்தார்.

"தம்பி, எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"வெருகல், அம்மா. வருசத்தில ஒருக்கா வாறனான்."

"அந்தப் பொடியன் சொல்லுற கதையைக் கேட்டீங்களோ?"

அவர் சிரித்தார். "எங்கட அம்மாவும் கேட்டவ. நடக்க ஏலாத காலத்திலயும் கூட்டிவந்தனான். மறிச்சுச் சொல்லட்டோ எண்டு கேட்டன். 'விடடா, என்னை ராணி எண்டு சொல்லுறான், நான் ஏன் மறிக்கிறது' எண்டிட்டா."

கோட்டை மறுபடி தடவினார். அத்தனை ஆண்டுகள், அத்தனை கைகள். மேலிரண்டும் தேய்ந்து மூன்றும் ஏறக்குறைய ஒரே ஆழத்துக்கு வந்துவிட்டன.

"இதுதான் நான்" என்றார். "அவசரத்தில வெட்டினது. முந்தி என்ர அண்ணன்மார் பகிடி பண்ணுவினம், உனக்கு ஆழம் காணாது எண்டு. இப்ப ஒருத்தரும் சொல்ல ஏலாது."

என் அம்மாவின் மடியில் அன்று நீர் கிடந்தீர் என்று சொல்ல வாயெடுத்தேன். "அம்மா, பின்னால ஆக்கள் நிக்கினம்" என்று இளைஞன் ஒலிபெருக்கியிலேயே சொன்னான். அவர் விலகி எனக்கு இடம்விட்டு, தம் எண்ணெய்ப் போத்தலை என் கையில் தந்தார். "நீங்களும் வையுங்கோ."

எனக்குப் பாட வந்தது. அன்று அவள் அழுதபோது அப்பா பாடவில்லை; நானும் பாடவில்லை. எண்ணெயை ஊற்றினேன். அது துளையின் விளிம்பில் சற்றுத் தயங்கி நின்று, தோணிக் கயிறு தேய்த்த அந்தப் பள்ளத்தைக் கண்டுகொண்டு, அப்பா அன்று சொன்ன வழியாகவே வடிந்து மணலில் இறங்கியது.